வெயில் தாங்குகிற உறை

அனஸ்தி,

தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனம் வரவில்லை. அரிசி அடைத்த தக்காளி ஓவனுக்குள் தட்டில் இருக்கிறது. சூடாக்காதே, ஆறினால்தான் உனக்குப் பிடிக்கும். ஊன்றுகோல் இல்லாமல் முற்றத்தில் இறங்காதே.

பைக்குக்கு உறை வாங்கிவிட்டேன். நேற்று ஹோட்டலில் துணி வெளுத்து முடித்து, கால் கடுக்கக் கடையில் நின்றேன். கறுப்பு உறை விலை குறைவு. ஆனால் இந்த ஆகஸ்ட் வெயிலை அது இழுத்துக்கொள்ளும், சீட் வெடித்துவிடும் என்றார் கடைக்காரர். அதனால் வெளியே வெள்ளிப்பூச்சு, உள்ளே மெத்தென்ற துணி, காற்றுப் போக இரண்டு பக்கமும் துளை.

"வண்டி எத்தனை நாள் சும்மா நிக்கும்?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரருக்குக் கால் தேறட்டும், குளிர் முடிஞ்சதும் அவரே ஓட்டுவாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை "அதை வித்துத் தொலை" என்று கத்தியவளும் நான்தான். ஏப்ரலில் நீ விழுந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பதினோரு மணிக்கு, விலைக்கு வாங்குவதற்காக வண்டியைப் பார்க்க தோதோரிஸ் வருவார். வரச்சொன்னது நான். விற்கவில்லை என்று நீயே சொல்லிவிடு, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிரிசூலா

பி.கு. இஞ்சின் சூடாக இருக்கும்போது உறை போடக்கூடாதாம். நாலு மாதமாக ஆறித்தானே கிடக்கிறது, நானே போட்டுவிட்டேன்.

இன்னொன்று. நாலு நாளாக நீ என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் ஏதாவது பேசு. திட்டினாலும் பரவாயில்லை.