பக்கோடாவுக்கு நாள் குறிச்சது

ஏங்க,

நம்ம நாய் பக்கோடாவைக் கூட்டிக்கினு கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன். இன்னிக்கு அதுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். கழனியிலேர்ந்து வந்ததும் கத்திரிக்கா கொழம்பைச் சுட வச்சுக்குங்க. இந்தச் சீட்டை வாசக் கதவுல சொருகிட்டுப் போறேன், வூட்டுச் சாவி மோட்டார் ரூம்ல இருக்குது.

ஆடி முடியட்டும்னீங்க. ஆவணி வந்ததும், கல்யாண மாசத்துல கூடாதுன்னீங்க. நேத்து, "அதுவும் ஆம்பளதானடி, பாவம்"னு சொல்லிட்டு வேட்டிய இறுக்கிக் கட்டிக்கினு எழுந்து போயிட்டீங்க. ஆபரேஷன் இன்னாமோ உங்களுக்குன்ற மாதிரி!

ஒம்போது மாசம் ஆயிடுச்சு, இதான் சரியான வயசுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பொட்ட நாய் பின்னால வடக்கனந்தல் வரைக்கும் ஓடி, காது கிழிஞ்சு வந்துச்சே, மறந்துட்டீங்களா? அன்னிக்கு மஞ்ச பத்துப் போட்டுக்கினே அழுதது யாரு? நான் பாத்தேன்.

கோவம் இருந்தா இருக்கட்டும். சாப்புட்டுட்டு கோவப்படுங்க.

கண்ணகி

இத எழுதி முடிச்சுட்டு நாயைத் தேடினா, கட்டிலுக்குக் கீழ சட்னிய நக்கிக்கினு இருக்குது. வெறும் வயித்தோட கூட்டியாரச் சொன்னாங்கன்னு உங்ககிட்ட சொன்னது என் தப்பு. காலையில நீங்க சாப்புட்டீங்கன்னு நான் நெனச்ச நாலு இட்லியும் அது வயித்துலதான் இருக்குது.

டாக்டருக்கு போன் போட்டேன். சிரிச்சிட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போக வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பிட்டு, பூ பறிக்க எங்கண்ணன் தோட்டத்துக்குப் போறேன். வியாழக்கிழமை நீங்களும் வரீங்க. அன்னிக்குக் காலையில அதுக்கும் இட்லி கெடையாது, உங்களுக்கும் கெடையாது.