ஓட்டம் போதாதாம்

அம்மா, இந்த ஊர் என் முழங்காலைத் தின்கிறது. மற்றபடி நலம், நீங்களும் அப்பாவும் நலமா?

சனிக்கிழமை எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றது. மறுநாள் காலை சோளவயலெல்லாம் பனிமூட்டம். கடலடியில் நடப்பதுபோல் மிதந்துபோய் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இருவர் சண்டை.

"முன்வரிசை வழி திறந்தாத்தானே அந்த சமோவாப் பையன் பந்தோட ஓடுவான்?"

"போடா, அவன் சோம்பேறி! இன்னும் நிறைய தடவை அவன்கிட்டயே பந்தைக் குடுத்து ஓடவிடணும்."

அந்தப் பையன் நான்தான்; ஆட்டத்தில் போடும் தலைக்கவசம் இல்லாமல் என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நீயே சொல்லு."

"ஓடவிடணும்தான்" என்றேன். சிரிப்பு வந்தது.

முழங்கால் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுத்தான் என்னைக் களத்தில் இறக்குகிறார்கள். காலில் தேய்க்க நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் அனுப்புங்கள். பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். வரும் சனிக்கிழமை டிவி முன்னால் நீங்களாவது "ஓடு, ஓடு" என்று கத்தாதீர்கள், அம்மா.

சியாவோசி