மாதிரித் தாள்

மார்ச் 3, செவ்வாய்
தம்பி இன்றோடு எங்கள் ஸ்கேனர் கடையை விட்டுப் போய்விட்டான். "அண்ணே, இனிமே வீட்டுல இருக்கிறவங்களும் சின்னக் கடைக்காரங்களும் ஸ்கேனர் வாங்க மாட்டாங்க. போனே படம் எடுக்கும், படிக்கும், கேட்டதைத் தேடிக் குடுக்கும். மெஷின் விக்கிறத விட்டுட்டு, தாளைப் போன்ல ஏத்திக் குடுக்கிற வேலைய செஞ்சு காசு பாப்போம்" என்றான். "போன்ல பத்திரம் எடுக்கிறவன் கரண்டியால கிணறு தோண்டுறவன்டா" என்றேன். சிரிக்கவில்லை. போகட்டும், அந்த வேலையைத் தனியாகவே செய்யட்டும். தாளை அடுக்கி வைத்தால் தானே இழுக்கும் புது மெஷின் நாற்பது இறக்கியிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்
ஒன்றும் விற்கவில்லை.

மார்ச் 14, சனி
ஒரு வக்கீல் வந்தார். பெட்டி ஒன்றைப் பிரித்து, வழக்கம்போல என் மாதிரித் தாளை வைத்தேன் — இந்தக் கடையின் வாடகை ஒப்பந்தம், கடைசிப் பக்கம். நீல மை, சிவப்பு முத்திரை, பொடி எழுத்து. மெஷினின் திறமையைக் காட்ட அதைவிட நல்ல தாள் ஏது? பன்னிரண்டு வருடமாக அதுதான். மடிப்பில் நைந்திருந்தது. புது மெஷின் கரகரவென்று இழுத்து நார் நாராகத் துப்பியது. "பரவாயில்லையே, கிழிக்கிற வசதியும் இதுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் வக்கீல்.

மார்ச் 17, செவ்வாய்
கட்டட முதலாளி வந்தார். "மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க." மேலும் ஐந்து வருடம் எனக்கு உரிமை உண்டே என்றேன். "எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."
அந்தக் கடைசிப் பக்கத்தில்தான். ஆயிரம் தடவை ஸ்கேன் செய்திருப்பேன். ஆயிரம் தடவையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன் — இடம் அடைக்குமாம்! ஊருக்கெல்லாம் "நகல் வச்சுக்குங்க" என்று சொல்லி விற்றவன். என்னை எதால அடிக்கிறது?

மார்ச் 18, புதன்
மனைவி சொல்கிறாள்: "தம்பியக் கேளுங்க. போன மாசம் கடைத் தாளையெல்லாம் போன்ல எடுத்துட்டிருந்தாரு. நீங்கதான் கிறுக்கு வேலைன்னு திட்டினீங்க."
கேட்கமாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி
கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் என் போனுக்கு வந்துவிட்டது, ஐந்து வருட வரியில் மஞ்சள் பூசி. கூட ஒரு சொல் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே, பாவி.
முதலாளி தன் கையெழுத்தையே முறைத்துப் பார்த்தார். "மறந்துட்டேன் போல" என்றார். கடை தப்பியது.

ஏப்ரல் 2, வியாழன்
தையற்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் மெஷின் விலை கேட்டார். இத்தனை வருடம் யாரிடமும் கேட்காத கேள்வி வாயில் வந்தது: "உங்ககிட்ட எத்தனை தாள்மா இருக்கும்?"
"ஒரு பை இருக்கும்."
முதுகுக்குப் பின்னால் முப்பத்தொன்பது பெட்டி. துண்டுச்சீட்டில் தம்பியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.