பதினாறாம் நாள் பேச்சு

14 ஆகஸ்ட் 1983, ஞாயிறு
குனோங் ராபாட்

இன்று என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய ஆட்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவருடைய அண்ணன் எழுந்து பேசினார்.

"தம்பி நல்லவன்தான். ஆனா லீவு கெடைச்சா காடு, ஆறுன்னு போயிடுவான். குடும்பத்த எங்கலா பாத்தான்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்துக்கு நடுவே நின்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"பெரிய மச்சான், அவரு என்னைக்குத் தனியாப் போனாரு? நாங்க அஞ்சு பேரும் ஒரே மோட்டர்சைக்கிள்லதான் போவோம். சின்னவள முதுகுல கட்டிக்கிட்டு ஆத்தக் கடந்தாரு. முப்பது வயசுல எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாரு. நீங்க உங்க பிள்ளைங்கள ஒரு நாளாவது வெளிய கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

பெரிய மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கூப்பிடுங்கம்மா, பாவம்லா" என்றாள் மூத்தவள். நான் கூப்பிடவில்லை. இனியும் கூப்பிட மாட்டேன். செத்தவரைப் பற்றி இப்படிப் பேச எப்படி மனசு வந்தது?

ஆனால் நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. போன மாதம் அவர் தனியாகத்தான் தாப்பா பக்கம் மீன் பிடிக்கப் போனார். இருட்டிய பிறகு சேற்றுக் காலோடு வந்தார். பையைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். அவர் அண்ணன் இன்று சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன். அவர் சிதறிய மீனைப் பொறுக்கிக் கழுவி, தானே குழம்பு வைத்து, "வாம்மா, சாப்பிடு" என்று மூன்று தரம் கூப்பிட்டார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.