கட்டிலுக்கு அடியில் இருப்பவன்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா, சாப்பிட்டதாகச் சொல்கிறாரா? நான் நலம்.

போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். வீட்டுக்கார லக்ஷ்மம்மா உங்களைக் கூப்பிட்டு ஏதாவது சொன்னால், நம்புவதற்கு முன் இதைப் படியுங்கள். வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று தினமும் பார்ப்பவர் அவர்.

மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்காக ஆபீஸில் எங்களுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தருகிறார்கள். நாம் கட்டிலைச் சொல்லிவிட்டு ‘அடியில்’ என்கிறோம். அவர்கள் ‘அடியில்’ என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கட்டிலுக்கு வருகிறார்கள். எனக்கு அது பழகவே இல்லை. சனிக்கிழமை போனில் பாடப் பதிவைப் போட்டு, அதில் ஓர் ஆண் குரல் வாக்கியங்களைச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி, தமிழிலும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அவன் கதவுக்குப் பின்னால் இருக்கிறான். அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறான்.”

லக்ஷ்மம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கதவைத் தட்டினார்.

“யாரம்மா அவன்? வெளில வரச் சொல்லு.”

குனிந்து டார்ச் அடித்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிதான் இருந்தது. பாடத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். அப்படியும் நம்பாமல் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். ஊறுகாயையும் ருசி பார்த்தார். இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

ஊறுகாய் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள், கூடுதலாகவே. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அந்தப் பாடம் எனக்கு இப்போது தடுமாறாமல் வருகிறது. ஆனாலும் தினமும் அதையே சத்தமாகப் படிக்கிறேன், லக்ஷ்மம்மாவுக்கு மறுபடியும் சந்தேகம் வரட்டும் என்று.

உங்கள்
நிறைமதி