பதினோரு வாட்ச்சின் பேட்டரி

பிரியமுள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

போன மாதம் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டியில் தவறி விழுந்தேன். பயப்படாதே, செத்தது கையில் கட்டியிருந்த ஜப்பான் டைவர் வாட்ச் மட்டும்தான். நூற்றைம்பது மீட்டர் ஆழம் தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். பேட்டரி மாற்றியபோது தண்ணீர் புகாமல் தடுக்கும் நாற்பது வருடப் பழைய ரப்பர் வளையத்தை மாற்றாமல் மூடிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என்னைத் தூக்கிவிட்ட மேஸ்திரி, என்னில் பாதி வயதுக்காரன், “வாட்ச்சுக்கு நீச்சல் தெரியும்னு பீத்திக்கிட்டீங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

விலாவில் லேசான அடி. படுத்திருந்த மூன்று வாரத்தையும் வருட விடுப்பில் கழித்துவிட்டார்கள். இந்த வருடம் ஊருக்கு வர முடியாது.

அதனால் அலமாரியில் இருக்கும் பதினோரு வாட்ச்சின் பேட்டரியையும் கழற்றிவிடு. நான் வருவதற்குள் தீர்ந்துபோய், கசிந்து, எந்திரத்தை அரித்துவிடும். கடையில் கொடு, உன் அண்ணனிடம் கொடுக்காதே. ஒரு கல்யாணத்துக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனவர் கண்ணாடியில் கீறலோடு திருப்பித் தந்ததை நீ மறந்திருப்பாய்.

“இதெல்லாம் ஓடுற சத்தத்துல நீங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு” என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இத்தனை நாள் கழற்றச் சொல்லவில்லை.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. ஆரஞ்சு முகப்பு உள்ளதை மட்டும் ஓடவிடு. கசிந்தால் கசியட்டும்.

உன் வீட்டுக்காரன்