அந்த அம்மா பெயரில் ஒரு சாலமாண்டரா?

என் குட்டிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, நீ அனுப்பிய படத்திலேயே பார்த்தேனே. நான் தைத்து அனுப்பிய நீலக் கோட்டை எங்கோ போட்டுவிட்டு, உன் பேராசிரியை பின்னிக் கொடுத்த குல்லாயும் ஸ்வெட்டருமாக அவர் தோளில் சாய்ந்து நிற்கிறாய். சித்தி அதைப் பார்த்துவிட்டு, அம்மாவும் பொண்ணும் மாதிரியே இருக்காங்கக்கா என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்று தையல் கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன், பிரித்து முடிக்கும்வரை அந்த அம்மாவைத்தான் திட்டினேன்.

நீ ஆராய்கிற சாலமாண்டரில் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது தனி இனம் என்று முடிவானால் அவர் பெயரைத்தான் வைப்பேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து அது தனி இனமாக இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே. பல்லி மாதிரி ஈரத்தோலோடு திரிகிற அந்தப் பிராணியோடு எனக்கென்ன பகை, பெற்று வளர்த்தவள் நான், பெயர் மட்டும் அவருக்கா? பார்க்க ஒரே மாதிரி இருந்தால் ஒரே இனம் என்று சொல்லிவிட முடியாது, வாலையும் பல்லையும் அளந்தாலும் போதாது, மரபணுவைப் பார்க்கணும் என்று நீதானே பாடம் எடுத்தாய். அதையே சித்தியிடம் திருப்பிச் சொன்னேன், குல்லாய் ஒண்ணா இருந்தா ஆச்சா, மரபணு என்னோடதுடீ என்றேன். பாதி என்னோடது என்று உள்ளேயிருந்து உன் அப்பா குரல் கொடுத்தார்.

அதோடு விட்டாரா, நம்ம பொண்ணு இன்னொண்ணும் சொன்னாளே என்று ஆரம்பித்தார். நடுவில் மலை நின்று, போக்குவரத்து அற்று, பல தலைமுறை கலக்காமலே இருந்தால் ஒரே வம்சம்கூட வேறு வேறு இனமாகிவிடுமாம். ஒன்றிரண்டு அவ்வப்போது தாண்டி வந்து கலந்தாலே ஒன்றாகவே இருந்துவிடுமாம். அதனால்தான் கணவாயில் கலப்புப் பிராணி கிடைக்கிறதா என்று தேடுகிறீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன லீவையும் அதற்கு முந்தின லீவையும் நீ அந்த அம்மா வீட்டில்தானே கழித்தாய்.

பெயரை அவருக்கே வை, போ. உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார், எழுதும்போதே எரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த லீவுக்கு மட்டும் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போ. எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வா, அதில் இரண்டு கையும் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

உன் மரபணுக்காரி,
அம்மா